காய்ந்த மாடி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் நலம், அங்கே நீ நலமா என்று தொடங்குவதுதான் முறை. அப்பாவுக்கு முழங்கால் வலி, எனக்குக் கழுத்து வலி, மற்றபடி இரண்டு பேரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அதையே நலம் என்று வைத்துக்கொள். போனில் பார்க்கும்போதெல்லாம் உனக்குக் கன்னம் ஒட்டிப்போய்த் தெரிகிறது. சமைக்கச் சோம்பல்பட்டு ரொட்டியைக் கடித்துவிட்டுப் படுத்துவிடுகிறாய் என்று எனக்குத் தெரியும், இல்லை என்று சத்தியம் செய்யாதே. அங்கே குளிர் ஆரம்பித்துவிட்டதாமே, காலுறை போடாமல் தரையில் நடக்காதே. நீ விட்டுப்போன நீலச் சட்டையை இஸ்திரி போடுகிறேன் என்று முதுகில் பொசுக்கிவிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு வந்து கேட்காதே. இதற்கெல்லாமா கடிதம், போனில் சொன்னால் ஆகாதா என்பாய். போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து பேசுவாய், நான் அழுதுவிடுவேன், அப்பா எழுந்து போய்விடுவார், சொல்ல வந்தது அப்படியே நின்றுவிடும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நீயும் உட்கார்ந்து படி. பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு படிக்காதே.

உன் செய்திக்குப் பதில் போடவில்லை என்று உனக்கு மனத்தாங்கல் இருக்கும். புத்தகம் அச்சுக்குப் போகிற நேரத்தில் அந்த ஒரு கதையை எடுத்துவிடப் போவதாகவும், பதிப்பாளரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லியிருப்பதாகவும், அப்பா வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் இந்தக் கதையோடு எழுத்தையே விட்டுவிடுவதாகவும் எழுதியிருந்தாய். அதோடு விட்டாயா, என் ஞாபகமே தப்போ என்னவோ அம்மா, ஒருவேளை நான் நிஜமாகவே புளுகிதானோ என்று வேறு கேட்டிருந்தாய். அதைப் படித்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பதில் இல்லாமல் இல்லை. என்னிடம் இருந்த பதில் ஒன்று, இப்போது இருக்கிற பதில் வேறொன்று. நடுவில் நடந்ததைச் சொன்னால்தான் உனக்குப் புரியும்.

கதை இங்கே வந்து சேர்ந்த அழகைக் கேள். நீ எங்களிடம் மூச்சே விடவில்லை. பல் டாக்டர் கிளினிக்கில் என் மேஜைக்கு எதிரே, காத்திருப்பவர்கள் புரட்டட்டும் என்று பத்திரிகைகள் போட்டு வைத்திருப்போமே, அதில் ஒன்றைக் கன்னம் வீங்கிய ஒரு அம்மாள் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் முறை வந்து கூப்பிட்டேன், எழுந்திருக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன், கையை மட்டும் காட்டினாள். பல்வலியையே மறக்கடிக்கிற அளவுக்கு அதில் என்னதான் இருக்கிறது என்று போய் எட்டிப் பார்த்தால் உன் பெயர். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் பொண்ணு எழுதினது என்று எல்லோர் எதிரிலும் சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள், வீங்கின கன்னத்தைப் பிடித்துக்கொண்டே, பாவம்மா நீங்க என்றாள். அவள் உள்ளே போனதும் நின்ற வாக்கில் படித்தேன். ஒரு வீட்டுப் பையன் மாடியிலிருந்து விழுந்து செத்துப்போகிறான். அதற்குக் கொஞ்சம் முன்னால் தங்கைக்காரி துணி எடுக்க மாடிக்குப் போயிருக்கிறாள். மாடி காய்ந்திருந்தது என்று ஒரு வரி. அதற்குமேல் நீ ஒன்றும் விளக்கவில்லை, அவன் தானாகவே போனான் என்றுகூட எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை. டாக்டர் அடுத்த ஆளை அனுப்பச் சொல்லி மணியை அடித்துக்கொண்டே இருந்தாராம், எனக்குக் காதில் விழவில்லை.

பிறகு சொந்தபந்தம் முழுக்கப் பரவிவிட்டது. சித்தப்பா வாசற்படி ஏறும்போதே குடும்ப மானம் கப்பலேறிவிட்டது என்று ஆரம்பித்தார். பையன் வழுக்கி விழுந்தான் என்று எல்லோருக்கும் தெரியும், மாடியில் நின்ற தண்ணீரை நானே என் கண்ணால் பார்த்தேன், இவளுக்கு மட்டும் காய்ந்த மாடி எங்கிருந்து வந்தது, சின்ன வயதிலேயே புளுகி, இப்போது பத்திரிகையில் புளுகுகிறாள் என்று வாய்க்கு வந்தபடி பேசினார். பெரியம்மாவுக்கு வேறு கவலை. கதையில் வருகிற பெரியம்மாவின் டீ பாத்திரம் கழுவின தண்ணீர் மாதிரி இருந்தது என்று எழுதிவிட்டாயாம், செத்தவனை விட்டுவிட்டு டீயைப் பிடித்துக்கொண்டு போனில் என் காதைத் துளைத்துவிட்டாள். டீ விஷயத்தில் நீ எழுதியது அட்சரம் பிசகாத உண்மை, அதை நான் எந்தக் கோர்ட்டிலும் வந்து சொல்வேன். கீழ்வீட்டுத் தையல்காரர் மட்டும்தான் சந்தோஷப்பட்டார், தன் மிஷின் சத்தம் கதையில் வருகிறது என்று கேள்விப்பட்டு எந்தப் பக்கம் என்று கேட்டு வாங்கிப் படித்தார். படித்து முடித்துவிட்டுப் பத்திரிகையைத் திருப்பிக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்தச் சாயங்காலத்தைப் பற்றி இந்த வீட்டில் நாம் பேசியதே இல்லை, பேசினால் ஒரே வார்த்தைதான், வழுக்கிவிட்டான். தண்ணீர்த் தொட்டி வழிந்து மாடியெல்லாம் ஈரம், கைப்பிடிச் சுவர் குட்டை, பையன் வழுக்கிவிட்டான். சத்தம் கேட்டதும் நானும் தையல்காரரும் கீழே பின்சந்துக்கு ஓடினோம், அப்பா மட்டும் மேலே ஓடினார். அவர் இறங்கி வந்தபோது பேன்ட் முழங்கால்வரை நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. மேலே ஒரே தண்ணி என்றார். அப்புறம் போலீஸ்காரர் போய்ப் பார்த்தார், சித்தப்பா போய்ப் பார்த்தார், எல்லோருடைய செருப்பும் ஈரமாகத்தான் இறங்கி வந்தது. நீ ஒருத்திதான் மாடியிலிருந்து எடுத்துவந்த துணிகளை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, நான் போனப்போ ஈரமே இல்லையே, ஈரமே இல்லையே என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தாய். சித்தப்பா உன்னை அதட்டினார், புளுகாதே என்று நானும் கத்தினேன். அதுவரை புளுகி என்கிற பெயர் செல்லப் பெயராகத்தான் இருந்தது. வைத்தவனே உன் அண்ணன். பூனை உன்னிடம் வழி கேட்டது, படிக்கட்டில் நேற்றைவிட ஒரு படி குறைகிறது என்று நீ அளந்துவிடுவதைச் சாப்பாட்டுத் தட்டு காயக் காய உட்கார்ந்து கேட்டுவிட்டு, புளுகி, இன்னொண்ணு விடு என்பான். அவன் போன பிறகு அதே பெயர் இந்த வீட்டில் வசவாகிவிட்டது. நீயும் மாடி பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டாய், கதை விடுவதையும் நிறுத்திக்கொண்டாய், பெண் திருந்திவிட்டாள் என்று பெரியம்மா சொன்னாள்.

பழி முழுக்க வீட்டுச் சொந்தக்காரர் தலையில் விழுந்தது. தொட்டியை ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளாமல் ஒரு உயிரை வாங்கின மனுஷன் என்று தெருவே பேசியது. அவர் தொட்டியை மாற்றினார், சுவரை உயர்த்திக் கட்டினார், மாடிக் கதவுக்குப் பூட்டுப் போட்டார். அதற்குப் பிறகு படிக்கட்டில் நான் எதிரே வந்தால் சுவரோடு சுவராக ஒட்டி நின்று வழிவிடுவார், நிமிர்ந்து பார்க்க மாட்டார். நான் மனசுக்குள் அவரைச் சபித்துக்கொண்டே இறங்கிப் போவேன்.

இப்போது உள்ளதைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். கதையைப் படித்துவிட்டு உன்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. என் பிள்ளை என்னை விட்டுப் போக நினைக்கவில்லை, கால்தான் அவனைக் கைவிட்டது, இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் நான் மறுபடியும் அடுப்பைப் பற்றவைத்தேன், வேலைக்குப் போனேன், உன்னைப் படிக்கவைத்தேன், விமானம் ஏற்றினேன். எனக்கு அந்த வழுக்கல் தேவையாக இருந்தது. அதை நீ ஒரே வரியில் என் கையிலிருந்து பிடுங்கிவிட்டாய். எதற்காக இந்தப் பெண்ணுக்கு எழுத்து வந்து தொலைத்தது என்று நினைத்தேன். பெற்றவள் நினைக்கக்கூடாததுதான், ஆனாலும் நினைத்தேன். அப்போதே உனக்குப் பதில் எழுதியிருந்தால், எடுத்துவிடு, எல்லாவற்றையும் விட்டுத் தொலை என்றுதான் எழுதியிருப்பேன். எழுத உட்கார்ந்தேன், பேனா ஓடவில்லை, அதற்காக இப்போது சந்தோஷப்படுகிறேன்.

அப்பாவுக்குப் பத்திரிகையை நான் காட்டவில்லை, சித்தப்பாதான் மேஜைமேல் போட்டுவிட்டுப் போனார். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார், மடித்து வைத்தார், அன்றிலிருந்து வாயே திறக்கவில்லை. அட்டைப்பெட்டிக் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தபோதே அளந்து பேசுகிற மனுஷன்தான், ஆனால் இது வேறு மாதிரி. தட்டில் போட்டதை அளைந்துவிட்டு எழுந்துவிடுவார், டிவியில் என்ன ஓடினாலும் சுவரைப் பார்ப்பார், ஆள் பாதியாகிவிட்டார். உன்மேல் கோபம் என்று நான் நினைத்தேன், நீயும் அப்படி நினைத்துக்கொண்டுதான் எழுத்தை விடப் பார்க்கிறாய். போன ஞாயிற்றுக்கிழமை காலை சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்று ஸ்பேனரை எடுத்துக்கொண்டு சிங்குக்கு அடியில் நுழைந்து படுத்தார். முழங்கால் வலியோடு இது தேவையா, பிளம்பரைக் கூப்பிடலாமே என்று திட்டிக்கொண்டே நான் டார்ச் பிடித்தேன். அவர் முகம் எனக்குத் தெரியவில்லை, கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. இறுக்கி முடித்துவிட்டுத் திறந்து பார் என்றார். திறந்தேன், நன்றாக வந்தது, மூடப் போனேன். மூடாதே என்றார். தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, நான் கையை எடுத்துக்கொண்டேன். அப்போது அடியிலிருந்து சொன்னார்.

“அவ எழுதினது சரி. மாடி காய்ஞ்சுதான் இருந்துது. நான்தான் தொட்டிக் குழாயத் தொறந்து விட்டேன்.”

முதலில் எனக்கு விளங்கவில்லை, எந்தத் தொட்டி, எந்தக் குழாய் என்று கேட்டேன். அவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். மேலே ஓடினாராம், அங்கே யாரும் இல்லை. சுவரோரம் அவன் செருப்பு இரண்டும் ஜோடியாக, வீட்டு வாசலில் விடுகிற மாதிரி விட்டிருந்ததாம். எட்டிக் கீழே பார்த்தாராம். பார்த்ததும் தெரிந்துவிட்டதாம், டாக்டர் வந்தும் பிரயோஜனம் இல்லை என்று. தரையைத் தொட்டுப் பார்த்தாராம், வெயிலில் காய்ந்து சூடாக இருந்ததாம். செருப்பை எடுத்துச் சுவருக்கு அந்தப்பக்கம் போட்டுவிட்டு, தொட்டியின் அடிக்குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, தண்ணீர் மாடியெங்கும் பரவுகிறவரை அதன் நடுவிலேயே நின்றாராம், அப்புறம் குழாயை மூடிவிட்டு இறங்கினாராம். எதற்காக அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

“அவனுக்கு இனிமே ஒண்ணும் செய்ய முடியாதுன்னு தெரிஞ்சுபோச்சு. உனக்கு ஏதாவது செய்யணும்னு தோணிச்சு.”

டார்ச் அவர் காலில் விழுந்தது, கை தவறி விழுந்ததா நானே போட்டேனா என்று இப்போதும் எனக்குத் தெரியாது. அன்று பகல் முழுக்க நான் அவரோடு பேசவில்லை, சாப்பாட்டை மட்டும் மேஜையில் வைத்துவிட்டு உன் அறையில் போய் உட்கார்ந்துகொண்டேன். என்னை ஏமாற்றிவிட்டார் என்று அழுகை வந்தது, எனக்காகத் தனியாக இத்தனை வருஷம் சுமந்தாரே என்றும் வந்தது, இரண்டும் சேர்ந்து வந்தால் எதற்கு அழுகிறோம் என்றே தெரியாது. ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கோபம் நின்றது, இன்னும் நிற்கிறது. என்னைக் காப்பாற்றுகிறேன் என்று உன்னை விட்டுக்கொடுத்துவிட்டாரே. ஒரு பிள்ளை போன அன்றைக்கே, கண்ணால் கண்டதைச் சொன்ன இன்னொரு பிள்ளையைப் பொய்க்காரி ஆக்கிவிட்டோம். ராத்திரி அதை அவரிடமே சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு, தெரியும், அவளைத் திட்டும்போதெல்லாம் பக்கத்தில்தான் நின்றேன் என்றார்.

மறுநாள் சாயங்காலம் கிளினிக்கில் சொல்லிவிட்டுச் சீக்கிரம் கிளம்பி வந்தேன், இரண்டு பேருமாக வீட்டுக்காரரைப் பார்க்கப் போனோம். நீ இருந்தபோது பார்த்த மனுஷன் இல்லை, படுத்த படுக்கையாகிவிட்டார், மருமகள்தான் பார்த்துக்கொள்கிறாள். அப்பா உட்காரவில்லை. நின்றபடியே, செருப்பு முதல் குழாய்வரை ஒன்று விடாமல் சொன்னார். வீட்டுக்காரர் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். கேட்டு முடித்ததும் பேசினார்.

“அந்தத் தொட்டிய எறக்கி வெச்சு அங்குலம் அங்குலமாப் பார்த்தேன். ஒரு ஒழுகல் கெடைக்கலை. எனக்குத்தான் புத்தி பெசகிப்போச்சுன்னு நெனச்சேன்.”

அவ்வளவுதான் சொன்னார். அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போகச் சொன்னார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொல்லுங்கள் என்று கேட்க எங்களுக்கு வாயும் இல்லை. படிக்கட்டில் இறங்கும்போது அப்பா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார், நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன், ஆட்கள் எங்களைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். வீட்டைக் காலி செய்யச் சொல்வார்களோ என்னவோ, சொன்னால் போகவேண்டியதுதான்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். கதையை எடுக்காதே. எழுத்தையும் விடாதே. அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டாயே, அவர் சொன்ன வார்த்தை இது, தொட்டியைத் திறந்துவிட்டதையும் எழுதச் சொல்லு, என்னைக் காப்பாற்றி எழுதவேண்டாம் என்று சொல்லு என்றார். நீ எழுதியதனால்தான் அவர் வாயைத் திறந்தார், நாங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஆளுக்கொரு சாவைச் சுமந்துகொண்டிருந்தோம், இப்போதுதான் ஒரே பிள்ளைக்காகச் சேர்ந்து அழுகிறோம். வலி குறைந்துவிட்டது என்று நினைக்காதே, முன்னைவிட அதிகம். நன்றாக ஆகிவிட்டோம் என்று உனக்கு ஆறுதல் சொல்ல மாட்டேன், அப்படிச் சொன்னால் அதுவும் மாடியில் தண்ணீர் விடுகிற வேலைதான். ஆனாலும் எழுது. சித்தப்பா கத்துவார், காதில் போட்டுக்கொள்ளாதே. பெரியம்மா இனிமேல் உனக்கு டீ கொடுக்கமாட்டாளாம், தப்பித்தாய். பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய், இருக்காதா பின்னே. பயம் போகட்டும், அப்புறம் எழுதுகிறேன் என்று உட்காராதே, அது போகாது. அன்றைக்கு அத்தனை பேர் சுற்றி நின்று கத்தியும் துணியைக் கட்டிக்கொண்டு ஈரமே இல்லையே என்று நின்றாயே, அப்போதும் உனக்குப் பயம்தான், உன் முழங்கால் நடுங்கியதை நான் பார்த்தேன். அந்தச் சின்னப் பெண்தான் இப்போது எழுதுகிறாள். நாங்கள் அவள் வாயை அடைத்தோம், நீயும் சேர்ந்து அடைக்காதே. எழுதலாமா என்று இனி யாரையும் கேட்காதே, எங்களையும் கேட்காதே.

ஒரே ஒரு வரியை மட்டும் அடித்துவிடு. மாடியில் அண்ணன்காரன் சுவரோரம் உட்கார்ந்து, புளுகி, ஒண்ணு விட்டுட்டுப் போ என்று கேட்கிறான், வீட்டுப்பாடம் இருக்கிறது, அப்புறம் சொல்கிறேன் என்று தங்கை இறங்கிவிடுகிறாள். அது நிஜமாகவே நடந்தது என்று படிக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, அவன் குரல் அப்படியே இருந்தது. இத்தனை வருஷம் இதை வயிற்றில் வைத்துக்கொண்டா எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாய், என் தங்கமே. அந்த இடம் இருக்கட்டும். அதற்குப் பிறகு, கடைசியில் எழுதியிருக்கிறாயே, அன்று ஒரு கதை சொல்லியிருந்தால் அவனும் அவளோடு இறங்கி வந்திருப்பான் என்று, அதைத்தான் அடிக்கச் சொல்கிறேன். அவன் ஏன் போனான் என்று அப்பாவுக்குத் தெரியாது, எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. தெரிந்த மாதிரி எழுதாதே. உன்மேல் பழியைப் போட்டுக்கொண்டு எழுதுவது சுலபம், அது தைரியம் இல்லை. அந்தக் கதை முழுவதிலும் அந்த ஒரு வரிதான் புளுகு.

பதிப்பாளருக்கு இன்றைக்கே போன் செய். வேளாவேளைக்குச் சாப்பிடு. ஜன்னலைச் சாத்திவிட்டுப் படு, காலுறையை மறக்காதே. உன் கை ஓயாமல் எழுத வேண்டும், நீ நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. கீழே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன், அப்பா தன் கையால் எழுதவேண்டும் என்கிறார்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா

மாடி காய்ந்துதான் இருந்தது. நீ அன்றைக்கே சொன்னாய்.
அப்பா